சமூக ஊடகமும் அங்கத்தினர் முன்னேற்றமும்

கூட்டுறவு இயக்கத்தின் நோக்கம் கடன் கொடுப்பதும், நூல் வழங்குவதும், உரம் விற்பதும் மட்டுமே என்று கருதுவோர் இன்னும் சிலர் உளர். அக்கருத்து சரியன்று. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ராச்டேல் நகரில் 28 பேர் கூடிச் சிறியதொரு பண்டகசாலையைத் தொடங்கினர். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்ற அதே சங்கம் விரைவில் வாசகசாலை ஒன்றையும் நடத்தியது. பின்னர்த் தனது உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென்றே ஒதுக்கியது. அங்கத்தினர் வளராமல் சங்கம் வளராது என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

இன்று அந்த வாசகசாலை ஒவ்வோர் அங்கத்தினரின் சட்டைப்பையிலும் இருக்கிறது எனலாம். ஆய்வின் பொருட்டு நாம் செல்லும் சங்கங்களில், தறிக்குழியின் ஓரத்திலும் கிணற்றடி மோட்டார்க் கொட்டகையிலும் கைப்பேசியைக் காண்கிறோம். "இதனால் என்ன கற்றீர்கள்?" என்று வினவினால் விடை கூறுவோர் சிலரே. இரவு வெகுநேரம் வரை பார்த்ததாகச் சொல்வர். பார்த்தது யாது என்பது நினைவில் இராது. மற்றொரு சாரார், "அது பிள்ளைகளைக் கெடுக்கும் பொருள், நமக்கு வேண்டாம்" என்று ஒதுக்கிவிடுகின்றனர். இவ்விரு சாராருக்கும் பயன்படுமாறு, சமூக ஊடகத்தைத் தம் அறிவு வளர்ச்சிக்குரிய கருவியாகக் கொள்ள விரும்பும் அங்கத்தினர் எவ்வாறு தொடங்கவேண்டும் என்பதை இக்கட்டுரையில் விளக்குவோம்.

சமூக ஊடகம் என்பது யாது?

செய்தித்தாளிலும் வானொலியிலும் ஒருவர் சொல்கிறார், பலர் கேட்கின்றனர். சமூக ஊடகத்தில் கேட்பவரும் சொல்லலாம். எழுத்தாலோ, குரலாலோ, படத்தாலோ தம் கருத்தைப் பலர்முன் வைக்கலாம். இதுவே அதன் தனித்தன்மை.

நம் அங்கத்தினர்க்கு அறிமுகமானவை நான்கு. 2004-இல் தோன்றிய ஃபேஸ்புக், ஒத்த தொழிலுடையோர் குழுக்களாகக் கூடி உரையாட ஏற்றது. 2005-இல் தோன்றிய யூடியூப், செய்முறையைக் கண்ணால் கண்டு கற்க ஏற்றது. 2009-இல் தோன்றிய வாட்ஸ்அப், தெரிந்தவர்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள ஏற்றது. 2010-இல் தோன்றிய இன்ஸ்டாகிராம், படங்களைப் பார்க்கவும் காட்டவும் ஏற்றது; புடைவையின் வண்ணத்தையும் கரையையும் எடுத்துக்காட்ட விரும்பும் நெசவாளர் இதனை நாடுகின்றனர்.

இங்கு ஓர் உண்மையை மனத்திற்கொள்ளுதல் வேண்டும். இவற்றுள் எதுவும் கூட்டுறவு நிறுவனம் அன்று. யாவும் இலாபம் கருதி நடைபெறும் கம்பெனிகள். யூடியூபை கூகுள் கம்பெனி 2006-இல் வாங்கியது. இன்ஸ்டாகிராமை 2012-இலும் வாட்ஸ்அப்பை 2014-இலும் ஃபேஸ்புக் கம்பெனி வாங்கியது. காண்போரிடம் கட்டணம் வாங்காமல், விளம்பரம் கொடுப்போரிடம் பணம் பெறுவதே இக்கம்பெனிகளின் முக்கிய வருவாய். நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவு விளம்பரம் காட்டலாம். ஒரு காணொளி முடிந்தவுடன் மற்றொன்று தானே தொடங்குவதும், விரலால் தள்ளத் தள்ளப் படங்கள் முடிவின்றி வருவதும் இதனாலேயே. கடைக்காரர் இனாமாகத் தருகிறார் என்றால், அவர் நம்மிடமிருந்து எதைப் பெறுகிறார் என்று கேட்பது கூட்டுறவாளர்க்கு இயல்பு. இங்கே பெறப்படுவது நமது நேரம். தறியில் அமர்ந்தால் கூலியாகவும், வயலில் இறங்கினால் விளைவாகவும், படித்தால் அறிவாகவும் மாறக்கூடிய நேரம் அது.

வானொலி கற்பித்த பாடம்

புதிய கருவியொன்று கிராமத்திற்கு வருவது இது முதன்முறை அன்று. ஒரு காலத்தில் வானொலி வந்தது. அப்போது செய்யப்பட்ட சோதனை ஒன்றை நினைவுகூர்தல் இன்றும் பயன்தரும்.

1956-ஆம் ஆண்டில், யுனெஸ்கோ நிறுவனத்தின் துணையுடன் அகில இந்திய வானொலி, அன்றைய பம்பாய் இராஜ்யத்தின் ஐந்து மாவட்டங்களில் சுமார் 150 கிராமங்களில் வானொலி விவசாய மன்றங்களை அமைத்தது. புனா நிலையத்திலிருந்து பத்து வாரங்களில் இருபது நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. ஒவ்வொரு கிராமத்திலும் சிலர் ஒன்றுகூடிக் கேட்டனர். கேட்டதைத் தமக்குள் விவாதித்தனர். செய்யத்தக்கதைச் செய்ய முயன்றனர். பின்னர் அறிவுத் தேர்ச்சி அளவிடப்பட்டது. வானொலி இருந்தும் மன்றம் இல்லாத கிராமங்களைவிட, மன்றம் அமைந்த கிராமங்களே மிகுதியாகக் கற்றிருந்தன. ஒரே வானொலியைக் கேட்டும், கூடிப் பேசியோர் கற்றனர். வெறுமனே கேட்டோர் அவ்வளவு கற்கவில்லை.

நம் நாட்டுப்புறத்திலும் இத்தகைய சான்று உண்டு. 1960-களின் இடைப்பகுதியில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல், தஞ்சை மாவட்டத்தில் விரைந்து பரவியது. திருச்சி வானொலி அதுபற்றி விடாது எடுத்துரைத்தமையால், மக்கள் அதனை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். கேட்டதோடு நில்லாமல் விதைத்துப் பார்த்த குடியானவராலேயே அப்பெயர் நிலைத்தது.

அண்மைக்காலச் சான்று ஒன்றும் கூறுவோம். 2006-இல் பெங்களூரில் 'டிஜிட்டல் கிரீன்' என்னும் ஆராய்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. அவ்வூர்ப் பகுதி விவசாயிகளையே நடிக்கவும் பேசவும் செய்து காணொளி எடுத்தனர். அதை ஊரார் கூடியிருக்கையில், ஊரறிந்த ஒருவர் காட்டி, இடையிடையே நிறுத்தி வினா எழுப்பினார். கர்நாடகத்தில் 16 கிராமங்களில் செய்த சோதனையில், எட்டுக் கிராமங்களில் இம்முறையும் மற்ற எட்டில் வழக்கமான முறையும் கையாளப்பட்டன. காணொளிக் கிராமங்களில் புதிய சாகுபடி முறைகளை மேற்கொண்டோர் ஏழு மடங்கு மிகுதி. இதற்குக் காரணம் காணொளி மட்டுமன்று, உடனிருந்த மனிதரும் நடந்த உரையாடலுமே என்று அத்திட்டத்தினரே கூறினர்.

இம்மூன்றிலிருந்தும் பெறப்படும் பாடம் ஒன்றே. ஒரு குறிக்கோளோடு பார்த்து, பலரோடு பேசி, கையால் செய்து பார்க்கும்போதுதான் இத்தகைய கருவி மனிதனை வளர்க்கிறது. சமூக ஊடகத்திற்கும் இவ்விதியே பொருந்தும்.

தொடங்கும் முறை

முதலாவதாக, குறிக்கோள் வேண்டும். கைப்பேசியைத் திறக்கும் முன்னர் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறக்கவேண்டும். அடுத்த மூன்று மாதங்களில் நான் கற்க விரும்புவது யாது என்று முதற்பக்கத்தில் ஒரே வரியில் எழுதுக. "நெசவு பற்றித் தெரிந்துகொள்ளல்" என்று எழுதினால் பயன் இல்லை, அது கடல். "ஒரு புடைவையின் அடக்கவிலையை நானே கணக்கிடல்" என்பது கைக்குள் அடங்கும் குறிக்கோள். "நிலக்கடலை விதைநேர்த்தியைப் பிழையின்றிச் செய்தல்" என்பது மற்றொன்று. "சங்கத்தின் ஐந்தொகையைப் படித்துப் பொருள் அறிதல்" என்பது யாவர்க்கும் ஏற்றது. ஐந்தொகையைப் படிக்கத் தெரியாத அங்கத்தினர், மகாசபையில் கை தூக்கும்போது எதற்குத் தூக்குகிறோம் என்பதை அறியார். அவர் வாக்கு அவரிடம் இருந்தும், அதன் பயன் பிறரிடம் போய்விடுகிறது.

இரண்டாவதாக, ஓரிடத்தில் தொடங்கவேண்டும். நான்கிலும் ஒரே நாளில் கணக்குத் திறப்பது வேண்டாத சுமை. கற்பதற்கு யூடியூப், கற்றதைப் பேசுவதற்கு வாட்ஸ்அப் என்னும் இரண்டே தொடக்கத்திற்குப் போதுமானவை. மற்றவற்றைத் தேவை ஏற்பட்டபின் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக, கணக்கைக் காக்கவேண்டும். சங்கத்தின் இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவிகள் இருப்பதுபோல, இக்கணக்குகளுக்கும் இரட்டைச் சரிபார்ப்பு என்னும் ஏற்பாடு உண்டு. அதனை முதல்நாளே அமைத்துக்கொள்க. பிறந்த தேதியையோ, கைப்பேசி எண்ணையோ கடவுச்சொல்லாக வைத்தல் கூடாது. ஓ.டி.பி. என்னும் ஒருமுறை எண்ணை எவர் கேட்பினும் சொல்லுதல் கூடாது. ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் படத்தைக் குழுக்களில் இடுதல் கூடவே கூடாது.

நான்காவதாக, ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். யார் சொல்கிறார், அவர் அத்தொழிலைச் செய்பவரா, சொல்வதோடு ஏதேனும் விற்கிறாரா என்னும் மூன்று வினாக்களை எழுப்பிப் பார்க்கவும். பயிர்த்தொழிலுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் வெளியிடுபவை முதலில் பார்க்கத்தக்கவை. நெசவுக்குச் சென்னை, காஞ்சிபுரம், சேலம் ஆகிய இடங்களில் உள்ள நெசவாளர் சேவை மையங்களையும், சேலத்தில் உள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்தையும் அணுகலாம். பத்துப் பேரைப் பின்தொடர்ந்தால் போதும். நூறு பேரைப் பின்தொடர்பவர் எவரையும் பின்தொடர்பவர் ஆகார்.

ஐந்தாவதாக, நேரத்திற்கு வரம்பிடவேண்டும். நாளொன்றுக்கு அரைமணி, அதுவும் குறித்த வேளையில் என்று வைத்துக்கொள்க. ஒவ்வொரு செய்திக்கும் மணி ஒலிக்கும் ஏற்பாட்டைக் கைப்பேசியின் அமைப்புகளில் நிறுத்திவிடுக. அடுத்த காணொளி தானே ஓடும் ஏற்பாட்டையும் யூடியூபில் நிறுத்தலாம். தேடவேண்டியதைத் தேடி, பார்த்து, மூடிவிடுதல் நன்று. வீட்டிற்கு ஒரே கைப்பேசி உள்ள இடத்தில், அந்த அரைமணியில் பாதி இல்லாளுக்கு உரியது. தார் சுற்றுபவரும் களையெடுப்பவரும் அவரே. கற்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

மெய்யும் பொய்யும்

சமூக ஊடகத்தில் எவரும் பேசலாம் என்பதன் மறுபக்கம், எவரும் பொய்யும் பேசலாம் என்பதாகும். பொய்யின் விலை சில சமயம் உயிராகவே இருக்கிறது. 2018 மே மாதத்தில், குழந்தை கடத்துவோர் நடமாடுகின்றனர் என்னும் வதந்தி வாட்ஸ்அப் வழியே வடமாவட்டங்களில் பரவியிருந்த வேளையில், திருவண்ணாமலை மாவட்டத்திற்குக் குலதெய்வக் கோவிலைத் தேடி வந்த முதிய பெண்மணி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த காரணத்தால் கூட்டத்தினரால் அடித்துக் கொல்லப்பட்டார். அவ்வதந்தியை அனுப்பிய ஒவ்வொருவரும், ஊருக்கு நன்மை செய்வதாகவே எண்ணியிருக்கக்கூடும்.

அதே ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் கம்பெனி வரம்பிட்டது. பலமுறை கைமாறிய செய்திகளை ஒரு சமயத்தில் ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் மேலும் இறுக்கியது. அத்தகைய செய்தியின்மேல் இரட்டை அம்புக்குறி தோன்றும். அக்குறியைக் கண்டால், இது எழுதியவர் யாரெனத் தெரியாத மொட்டைக் கடிதம் என்று கொள்க. தெரியாததை அனுப்பாதிருத்தலும் ஒரு பொதுத்தொண்டே.

தொழில் செய்திகளிலும் இவ்விழிப்பு வேண்டும். ஒரு கிலோ நிலக்கடலை விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலக்கவேண்டும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. காணொளியில் ஒருவர் வேறு அளவு சொன்னால், உடனே நம்பவும் வேண்டாம். உடனே தள்ளவும் வேண்டாம். பரிந்துரையோடு ஒப்பிடுக, வேளாண்மை அலுவலரைக் கேட்க, அதன் பின்னரும் ஐயமிருப்பின் ஒரு பாத்தியில் மட்டும் செய்து பார்க்க. 1800-180-1551 என்னும் கிசான் அழைப்பு மைய எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே விளக்கம் பெறலாம்.

பணம் பற்றிய எச்சரிக்கை

தம் சரக்கைப் படமெடுத்து விற்க முற்படும் அங்கத்தினரை ஏமாற்றுவோர் மிகப் பலர். "முன்பணம் அனுப்புகிறேன், இக்குறியீட்டை வருடி, இரகசிய எண்ணை இடுங்கள்" என்று ஒருவர் கூறுவார். யூ.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. கொடுப்பதற்கே அது தேவை. எண்ணை இட்ட மறுகணம் பணம் நம் கணக்கிலிருந்து போய்விடும். அவ்வாறு நேர்ந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைத்தல் கூடாது. 1930 என்னும் எண்ணில் உடனே முறையிடவேண்டும். தாமதியாது அறிவித்தால், பணம் கைமாறிச் செல்லுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

கேட்பவர் சொல்பவராதல்

பார்ப்பதோடு நின்றுவிட்டால் பாதி வளர்ச்சியே கிட்டும். தாம் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான், எது விளங்கியது, எது விளங்கவில்லை என்பது தமக்கே தெளிவாகிறது. ஆகவே இரண்டாம் மாதம் முதல், வாரம் ஒருமுறை, ஒரு நிமிடக் காணொளி அல்லது குரற்பதிவு செய்து சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இடுக. பாவு அறுந்தால் பிணைக்கும் விதம், சாயம் போகிறதா என்று சோதிக்கும் விதம், விதை முளைப்பை ஈரச் சாக்கில் சோதிக்கும் விதம் ஆகிய யாவும் அதற்குரிய பொருள்களே. முதற்பதிவில் நா குழறும், நான்காவதில் குழறாது. மகாசபையில் எழுந்து பேசக் கூசுகின்ற அங்கத்தினர்க்கு இதைவிடச் சிறந்த பயிற்சி அரிது.

புகழையும் பார்வையாளர் எண்ணிக்கையையும் இதில் அளவுகோலாகக் கொள்ளுதல் தகாது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வேளாண் குடும்பத்தினர் 2018-இல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரரைப் பெற்றது உண்மையே. அது பெருமைப்படத்தக்கது. ஆயினும் அத்தகைய வெற்றி மிகச் சிலர்க்கே வாய்க்கும். ஐந்து பேர் பார்த்து, அவர்களுள் ஒருவர் தம் தறியில் அதைச் செய்து பார்த்தாரெனில், அப்பதிவு வெற்றி பெற்றதே ஆகும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். சங்கத்தின் புதிய டிசைன்கள் சங்கத்தின் சொத்து. விற்பனைக்கு வருமுன் அவற்றைப் படமெடுத்துப் பொதுவில் இட்டால், விசைத்தறியில் பிறர் நெய்து சந்தையில் முந்திவிடக்கூடும். எதை வெளியிடலாம், எதை வெளியிடலாகாது என்பதை நிர்வாகக் குழு தீர்மானமாகவே எழுதிவைத்தல் நலம்.

ஐவர் குழுவும் தணிக்கையும்

தனியே தொடங்கியவர் தனியே விட்டுவிடுவர். ஆதலின் ஒரே குறிக்கோளுடைய ஐந்து அங்கத்தினர் ஒரு குழுவாகச் சேரட்டும். வாரம் ஒருநாள் மாலை, சங்கக் கட்டடத்திலேயே ஒருமணி நேரம் கூடட்டும். அவ்வாரம் தாம் பார்த்தவற்றுள் சிறந்த ஒன்றை ஒருவர் காட்டவேண்டும், மற்றவர் வினவவேண்டும், அடுத்த வாரத்திற்குள் அதை ஒருவரேனும் செய்து பார்க்கவேண்டும். யார் காட்டுவது என்பது முறைவைத்து மாறட்டும். நடந்ததை நான்கு வரியில் நடவடிக்கைக் குறிப்பாக எழுதிவைக்கவும். படிக்கத் தெரியாத அங்கத்தினரையும் இக்குழுவில் சேர்க்கலாம். காணொளி அவருக்கும் விளங்கும். அவரது கைப்பழக்கம் மற்றவர்க்கு ஆசானாகும்.

மூன்று மாத முடிவில் தணிக்கை வேண்டும். நோட்டுப் புத்தகத்தை இரு பக்கமாகப் பிரித்து, செலவுப் பக்கத்தில் செலவழித்த மணிகளை எழுதுக. வரவுப் பக்கத்தில் புதிதாகச் செய்யக் கற்றவற்றை எழுதுக. நாளுக்கு அரைமணி வீதம் மூன்று மாதத்திற்கு 45 மணி நேரம் ஆகிறது. அது ஏறக்குறைய ஆறு வேலைநாட்களுக்குச் சமம். ஆறு நாட்கள் தறியை நிறுத்தி நெசவாளர் ஒருவர் எங்கேனும் பயிற்சிக்குச் சென்றால், திரும்பி வரும்போது என்ன கற்றுவந்தார் என்று வீட்டார் கேட்பரன்றோ? அதே கேள்வியைத் தம்மிடம் தாமே கேட்டுக்கொள்ளவேண்டும். வரவுப் பக்கம் வெறுமையாக இருந்தால் குறிக்கோளை மாற்றுக. அல்லது ஆசிரியரை மாற்றுக. இரண்டையும் மாற்றியும் பயன் இல்லையெனில், அந்த அரைமணியைத் தூக்கத்திற்குக் கொடுப்பதே சிக்கனம்.

அங்கத்தினர்க்குக் கல்வியும் பயிற்சியும் தகவலும் அளித்தல் கூட்டுறவுக் கொள்கைகளுள் ஐந்தாவது என்பதைச் சங்கத் தலைவர்களும் செயலாளர்களும் அறிவர். இதற்காகப் பெரும் செலவு எதுவும் வேண்டியதில்லை. மாலையில் ஒருமணி நேரம் சங்க அறையைத் திறந்துவைத்தல், ஒரு விளக்கு, ஐந்து பேர் அமரப் பாய், நடவடிக்கைக் குறிப்பேடு ஒன்று ஆகியவை போதும். அடுத்த மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனை ஒரு பொருளாகச் சேர்த்து, முதல் ஐவர் பெயரையும் அவர்தம் குறிக்கோளையும் பதிவு செய்யுமாறு வேண்டுகிறோம். மூன்று மாதம் கழித்து ஆய்வுக்கு வரும்போது, சங்கத்தின் ரொக்கப் புத்தகத்தோடு அந்நோட்டுப் புத்தகங்களையும் ஆவலோடு பார்வையிடுவோம்.